குழாயடியில் இருபத்தோரு வாளி

என்னைப் பேசக் கூப்பிட்டவங்க, "புதுசா சேர்ந்தவங்களுக்குக் கள ஆய்வு எப்படிச் செய்யிறதுன்னு சொல்லிக் குடுங்க"ன்னு கேட்டாங்க. அதுக்கு உங்களுக்கு ஆளுங்க இருக்காங்க, புத்தகம் இருக்கு. படிவம் நிரப்புறது பெரிய வித்தையே இல்ல. நிரப்பினதை எப்பக் கிழிச்சுப் போடணும்ங்கிறதுதான் வித்தை. வேலைக்குச் சேர்ந்து ஏழு வருஷம் கழிச்சுத்தான் எனக்கு அது தெரிஞ்சுச்சு. தெரிஞ்ச விதம் கொஞ்சம் வெட்கக்கேடு. பரவாயில்ல, பென்ஷன் வாங்குற மனுஷிக்கு இனி என்ன வெட்கம், சொல்லிடுறேன்.

நான் ருவான்வெல்லை பஜார்க்காரி. அப்பாவுக்கு அங்க ஒரு கடை. அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், சாரம், ரப்பர் வெட்டுற கத்தி, பால் சேர்க்கிற வாளி, எல்லாம் விப்போம். சுத்தியிருந்த ரப்பர் தோட்டத்து ஆளுங்கதான் வாடிக்கை. கல்லாவுக்குப் பக்கத்துல உக்காந்து பாடம் படிச்சு வளர்ந்தவ நான். அதனால தோட்டத்து ஆளுங்களைப் பத்தி எனக்குத் தெரியாதது ஒண்ணுமில்லன்னு ஒரு நினைப்பு. இந்த நினைப்பை ஞாபகம் வச்சுக்கங்க. கதையில குழி தோண்டினது அதுதான்.

படிச்சு முடிச்சு கொழும்பில ஒரு சின்ன ஆராய்ச்சிப் பிரிவுல சேர்ந்தேன். எந்த ஊர்ல எத்தனை வீடு குறையுது, காணி எங்க இருக்கு, கட்டினா யாரு குடியேறுவாங்க, அரசாங்கம் என்ன சட்டம் மாத்தணும்னு எழுதிக் குடுக்கிற பிரிவு. கட்டடக் கம்பனிகளும் எங்ககிட்ட வரும், அமைச்சுக்காரங்களும் வருவாங்க. தோட்டங்களைத் தனியார் கம்பனிகள் கையில குடுத்துக் கொஞ்ச வருஷம் ஆகியிருந்த நேரம். லயத்தை விட்டுட்டுத் தனித்தனி வீடு கட்டணும்னு ஒரு திட்டம் பேசினாங்க. கேகாலை மாவட்டத்துல எங்க ஊருக்குக் கிட்ட ஒரு ரப்பர் தோட்டம். அதுல ஒரு டிவிஷனை எடுத்து முதல்ல கட்டிப் பார்க்கிறதுன்னு முடிவு. எத்தனை குடும்பம்னு நாங்க எண்ணிச் சொல்லணும். நாங்க சொல்ற எண்ணிக்கைக்குத்தான் வீடு. விட்டுப்போன ஆளுக்கு வீடு இல்ல.

பிரிவுல தோட்டத் தமிழ் தெரிஞ்ச ஒரே ஆள் நான். அதனால படிவத்தை எழுதுற வேலை என் தலையில விழுந்துச்சு. விழுந்துச்சுன்னு சொல்றது பொய், நானே இழுத்துப் போட்டுக்கிட்டேன்.

அந்த டிவிஷன்ல நாலு லயம். லயத்தைப் பார்க்காதவங்களுக்காகச் சொல்றேன்: ஒரே நீளக் கூரைக்குக் கீழ வரிசையா பன்னிரண்டு காம்பரா, அதாவது அறை. ஒவ்வொரு காம்பராவுக்கும் முன்னால ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற அளவுக்கு ஒடுக்கமான திண்ணை, அதுதான் இஸ்தோப்பு. அவ்வளவுதான் வீடு. காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்து செக்ரோல்ல, அதாவது பேர்ப் பதிவுல, பேர் இருக்கிற தொழிலாளிக்குத்தான் காம்பரா. பேர் இல்லாதவன் வெளியாள்.

"இந்தக் காம்பராவில் எத்தனை குடும்பம்?" இதுதான் என் படிவத்துல மூணாவது கேள்வி. கதவு கதவாப் போய்க் கேட்டேன். நாப்பத்தெட்டு கதவுலயும் ஒரே பதில். "ஒண்ணுதான் மிஸ்."

இஸ்தோப்புல சாக்குப் படுதா தொங்கும். உள்ள பாய் சுருட்டி வச்சிருக்கும், சின்னதா அடுப்புகூட இருக்கும். "இது யாரு படுக்கிற இடம்?"னு கேட்பேன். "விருந்தாளி வந்தா படுக்கிறதுங்க"ன்னு சொல்வாங்க. நானும் எழுதிக்கிட்டேன். கதவுக்குக் கதவு விருந்தாளி. ஒரு லயத்துக்கு எங்கேருந்து அவ்வளவு விருந்தாளி வரும்னு இந்த மரமண்டை யோசிக்கல.

பிறகு தோட்டத்து ஒப்பிஸுக்குப் போய் செக்ரோலைப் பார்த்தேன். அதுலயும் நாப்பத்தெட்டு காம்பரா, நாப்பத்தெட்டு பேர். ரெண்டு கடதாசியும் ஒண்ணுக்கு ஒண்ணு அப்படியே பொருந்திச்சு. எனக்கு ஒரே சந்தோஷம். இன்னைக்கு உங்கள்ல ஒருத்தர் அப்படி ரெண்டு கடதாசியைக் கொண்டுவந்து காட்டினா, நான் முதல்ல கேட்கிறது இதுதான்: ரெண்டுக்கும் பதில் சொன்னது ஒரே பயமா இருக்குமோ?

எங்களோட ஒரு படவரைஞர் வந்திருந்தார். என்னைவிட எட்டு வயசு சின்னவர், சிங்களவர், தமிழ்ல ஒரு சொல் தெரியாது. நான் மல்லின்னு, அதாவது தம்பின்னு, சிங்களத்துல கூப்பிடுவேன், அவர் என்னை அக்கேன்னு கூப்பிடுவார். லயத்தை அளந்து படம் போடுறது அவர் வேலை. அளந்து முடிச்சதும் பேச ஆளில்லாம குழாயடிக்குப் பக்கத்துல ஒரு கல்லுல உக்காந்திருப்பார். ஒரு லயத்துக்கு ஒரு குழாய். பின்னேரம் கொஞ்ச நேரம்தான் தண்ணி வரும். அதுக்கு முன்னாலேயே வாளிங்க வரிசையில நிக்கும், ஆளுங்க வேற வேலை பார்க்கப் போயிடுவாங்க.

முதல் லயத்து வேலை முடிஞ்ச அன்னைக்கு அவர் வரைபடத்தைக் காட்டினார். லயம், கழிவுத்தண்ணி ஓடுற கான், கக்கூஸ், குழாய் எல்லாம் போட்டிருந்தார். குழாய்க்கு முன்னால சின்னச் சின்னதா வட்டம்.

"இது என்ன?"ன்னேன்.

"காமர தொலஹய் அக்கே. பால்தி விசிஎகய்"ன்னார். காம்பரா பன்னிரண்டு, வாளி இருபத்தொண்ணு. நேத்தும் இருபத்தொண்ணு, முந்தாநாளும் இருபத்தொண்ணுன்னு விரலை மடிச்சுக் காட்டினார்.

எனக்கு எரிச்சல் வந்துச்சு. "மல்லி, இது ரப்பர் தோட்டம். வெட்டுற ஆள் வீட்டுல பால் வாளி ரெண்டு மூணு கிடக்கும். அந்த வாளியை வித்த கடைக்காரன் மகள் நான். எனக்குப் பாடம் எடுக்கிறீங்களா?"ன்னு சிங்களத்துலேயே கேட்டுட்டேன். அவர் படத்தைச் சுருட்டிக்கிட்டார். வட்டத்தை மட்டும் அழிக்கல. அறிக்கைக்குச் சுத்தமா வரைஞ்ச படத்துலயும் அந்த இருபத்தோரு வட்டம் அப்படியே இருந்துச்சு. யாரும் கவனிக்கல.

அறிக்கை போச்சு. நாப்பத்தெட்டு குடும்பம், நாப்பத்தெட்டு வீடு. கொழும்பில எல்லாரும் பாராட்டினாங்க. ஒரு செவ்வாய்க்கிழமை பெரிய கூட்டத்துல வச்சு அங்கீகாரம் குடுக்கிறதுன்னு ஏற்பாடு.

அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, வரைபடத்துல தோட்டத்துரை கையெழுத்து ஒண்ணு விட்டுப்போச்சுன்னு நான் மட்டும் தோட்டத்துக்குப் போனேன். மழை பெஞ்சிருந்துச்சு. குறுக்கு வழியில இறங்கினதுல காலெல்லாம் அட்டை. முதல் லயத்துக் குழாயடியில போய் காலைக் காட்டினேன்.

வரிசையில நின்ன பொம்பளை, "மிஸ், கழுவுங்க. ஆனா சுருக்கா கழுவுங்க. தண்ணி நின்னுரும்"னு சொன்னாங்க. பேர் செல்வமணி. நாலாம் நம்பர் காம்பரா. முப்பது வயசு இருக்கும். விருந்தாளிக்குப் படுதான்னு எனக்குச் சொன்ன ஆள்கள்ல அவங்களும் ஒருத்தர்.

நான் காலை எடுத்ததும் அவங்க வாளியை வச்சாங்க. எனக்கு வாய் சும்மா இருக்காது. "உன் வீட்டு வாளி இப்பத்தானே போச்சு? நாலாம் நம்பர் அக்கா தூக்கிட்டுப் போனதைப் பார்த்தேனே. நீ ரெண்டாவது வாளி வச்சா மத்தவங்க சும்மா விடுவாங்களா?"

நீன்னுதான் சொன்னேன். பஜார்ல நாங்க தோட்டத்து ஆளுங்களை அப்படித்தான் கூப்பிடுவோம். கெட்ட பழக்கம்.

"அது மச்சாண்டார் வீட்டு வாளிங்க. இது நம்ம வீட்டு வாளி"ன்னாங்க. மச்சாண்டார்னா புருஷனோட அண்ணன்.

"நாலாம் நம்பர்ல ஒரு வீடுதானே இருக்கு?"

அவங்க குனிஞ்சு வாளியை நேரா வச்சாங்க. பின்னால நின்ன ஒரு கிழவர் விளக்கம் சொல்ற மாதிரி சொன்னார்: "அடுப்பு ஒண்ணுக்கு வாளி ஒண்ணுங்க. முதச் சுத்துல யாரும் ரெண்டு வைக்கப்படாது. அது லயத்துச் சட்டம்." சொன்ன பிறகுதான் யாருகிட்ட சொல்றோம்னு அவருக்கு உறைச்சுச்சு. வாயை மூடிக்கிட்டார்.

நான் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாம் பிளாஸ்டிக் வாளி, அலுமினியக் குடம். பால் வாளி ஒண்ணுகூட இல்ல. எப்படி இருக்கும்? ரப்பர் பால் சேர்க்கிற வாளியில யாராவது குடிதண்ணி பிடிப்பாங்களா? அந்த நாத்தம் ஜென்மத்துக்கும் போகாது. வாளி வித்த கடையில பிறந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். மல்லி சொன்னதை மறுக்கணும்னு அவசரத்துல தெரிஞ்சதே மறந்துபோச்சு.

எண்ணினேன். இருபத்தொண்ணு.

செல்வமணி வாளியைத் தூக்கினப்ப நானும் கூட நடந்தேன். கானுக்கு இந்தப் பக்கம் யாரும் இல்லாத இடத்துல நின்னு கேட்டேன். "ஏன் ஒரு குடும்பம்னு சொன்னீங்க?" அப்பத்தான் முதல் தடவையா நீங்கன்னு வந்துச்சு.

"காம்பரா மச்சாண்டார் பேர்ல இருக்குங்க. எம் புருஷனுக்குத் தோட்டத்துல பேரு இல்ல, பஜார்ல கடையில நிக்கிறாரு. நான் கைக்காசுக்கு வெட்டுறேன், எனக்கும் பேரு இல்ல. ஒம்பது வருஷமா இஸ்தோப்புல இருக்கோம். புள்ளைங்க ரெண்டும் அங்கேயேதான் பொறந்துச்சு. நீங்க எழுதிட்டுப் போயிடுவீங்க மிஸ். எழுதினதைத் துரை பார்ப்பாரு. வெளியாளுக்கு இங்க என்ன வேலைன்னு கேட்பாரு. நீங்க எங்களை எண்ணாம விட்டீங்கன்னா வீடு வராது. ஆனா இஸ்தோப்பு மிஞ்சும்."

இதை அழுதுகிட்டு சொல்லல, கோபமா சொல்லல. யோசிச்சு எடுத்த முடிவை எடுத்துச் சொல்றவங்க மாதிரி சொன்னாங்க. நான் எத்தனையோ அதிகாரிங்க முடிவெடுக்கிறதைப் பார்த்திருக்கேன். ரெண்டு பக்க நட்டத்தையும் இவ்வளவு தெளிவா எடை போட்டவங்க குறைவு. அவங்க பொய் சொன்னது எனக்கில்ல. நான் அந்தக் கேள்வியைக் கேட்டதாலதான் பொய் சொல்ல வேண்டி வந்துச்சு.

கையெழுத்தை வாங்காம பஸ் ஏறினேன். அவங்க சொன்னதை மறக்கக்கூடாதுன்னு பஸ்ஸிலேயே நோட்டுப் புத்தகத்துல ஒரு பக்கம் எழுதினேன், பேரு, காம்பரா நம்பர் எல்லாம் போட்டு.

எங்க பிரிவுத் தலைவர் ரம்புக்கனைக்காரர். தினமும் ரயில்ல கொழும்புக்கு வந்து போற மனுஷன். சனிக்கிழமை காலையில அவர் வீட்டுக்கே போயிட்டேன். அவரும் மனைவியும் முற்றத்துல பாயை விரிச்சு மிளகு காயப்போட்டுக்கிட்டிருந்தாங்க. நின்ன வாக்குலயே எல்லாத்தையும் சொன்னேன். மல்லி முதல்லயே சொன்னதையும் சொன்னேன், நான் அவரை எடுத்தெறிஞ்சு பேசினதையும் சொன்னேன். அதைச் சொல்றதுதான் கஷ்டமா இருந்துச்சு.

அவர் மிளகைத் துழாவிக்கிட்டே கேட்டார். "அப்ப சரியான எண்ணிக்கை என்ன?"

"தெரியாது சேர்."

"எண்ணி அனுப்பினப்ப தெரியும்னு சொன்னீங்க. இது அதைவிட நல்லது"ன்னார். பிறகு, "அந்தப் பொம்பளை பேரை எங்கேயாவது எழுதியிருக்கீங்களா?"

நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். வாசிச்சுப் பார்த்தார். அந்தப் பக்கத்தைக் கிழிச்சுத் தரச்சொல்லி, மனைவி கையில குடுத்தார். அவங்க உள்ள போய் அடுப்புல வச்சிட்டு வந்தாங்க. நான் முழிச்சுக்கிட்டு நின்னேன். ஆராய்ச்சிக்காரிக்குக் குறிப்பை எரிச்சா வயிறு எரியும்.

"செவ்வாய்க்கிழமை உங்ககிட்ட பேர் கேட்பாங்க. கையில இருந்தா குடுக்க வேண்டி வரும். இல்லாததை யாரும் வாங்க முடியாது"ன்னு சொன்னார். அந்த ஒரு நிமிஷத்துல அந்த மனுஷன் கண்ட தூரம் எனக்கு இன்னைக்கும் ஆச்சரியமா இருக்கு.

ஞாயித்துக்கிழமை மல்லியையும் கூட்டிக்கிட்டு மறுபடி போனேன். பஸ்ஸில, "மல்லி, நீங்க சொன்னது சரி, நான் பேசினது தப்பு"ன்னு சொன்னேன். "பரவாயில்ல அக்கே, எனக்குத் தமிழ் தெரிஞ்சிருந்தா நானும் வாளியை எண்ணியிருக்க மாட்டேன். அவங்க சொன்னதைக் கேட்டு எழுதியிருப்பேன்"ன்னார். எனக்கு வலிக்கக்கூடாதுன்னு அப்படிச் சொன்னார்னு நினைக்கிறேன். ஆனா அதுல உண்மையும் இருக்கு.

அன்னைக்கு ஒரு கதவையும் தட்டல. ஒரு கேள்வியும் கேட்கல. நாலு குழாயடியிலயும் வாளியை மட்டும் எண்ணினோம். அவர் வட்டம் வட்டமாப் போட்டார். மொத்தம் கிட்டத்தட்ட முதல் எண்ணிக்கைக்கு ரெண்டு மடங்கு வந்துச்சு. செல்வமணி என்னைப் பார்த்தாங்க, ஆனா பேச வரல. எங்களை நம்பலாமா வேண்டாமான்னு பார்த்துக்கிட்டிருந்தாங்க. திங்கக்கிழமை முழுக்க உக்காந்து அறிக்கையைத் திருத்தி அடிச்சோம்.

செவ்வாய்க்கிழமை. நீளமான மேசை, சுத்திவர ஆளுங்க. எங்க தலைவர் எழுந்து முதல் அறிக்கையைக் கையில எடுத்தார். "இது பிழை. கையெழுத்து என்னோடது, பிழையும் என்னோடது"ன்னு சொல்லி ரெண்டாக் கிழிச்சு மேசையில வச்சார். கட்டி முடிச்ச அறிக்கையை ஒருத்தர் கிழிக்கிறதை நான் அதுக்கு முன்னால பார்த்ததில்ல. எனக்கு உக்கார முடியல. எழுந்து, "படிவம் எழுதினது நான் சேர்"னு சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், உக்காருங்கங்கிற மாதிரி.

தோட்டத் தரப்புல ஒரு பெரிய மனுஷர் வந்திருந்தார். கெட்டவர்னு சொல்லமாட்டேன், அவர் வேலையை அவர் பார்த்தார். "எண்ணிக்கை திடீர்னு எப்படிக் கூடும்? யாரு யாரு, எந்தக் காம்பரான்னு பட்டியலைத் தாங்க, நாங்க செக்ரோலோட ஒப்பிட்டுப் பார்க்கிறோம்"னார். ஞாயமான கேள்வி மாதிரிதான் கேட்கும். ஒப்பிட்டா என்ன நடக்கும்னு செல்வமணி எனக்குச் சொல்லியிருந்தாங்க.

அப்ப மேசைக் கடைசியில வரைபடத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்ன மல்லி வாயைத் திறந்தார். அவரைப் பேசச் சொல்லி யாரும் கேட்கல.

"பால்திவலட நம் நே சேர்."

வாளிங்களுக்குப் பேர் இல்ல சேர். ரொம்ப மரியாதையா, வருத்தப்படுற மாதிரி சொன்னார். தலைமை வகிச்ச அதிகாரிக்குச் சிரிப்பு வந்திருச்சு. வரைபடத்தை வாங்கி விரிச்சு, குழாயடியில இருந்த வட்டத்தையெல்லாம் பென்சிலால தொட்டுத் தொட்டு எண்ணினார். பழைய படத்தையும் கேட்டு வாங்கினார். அதுலயும் இருபத்தொண்ணு இருந்ததைப் பார்த்துட்டு, "முதல்லயே இங்க இருந்திருக்கே"ன்னார். பிறகு என்னைப் பார்த்து, "பேர் இல்லாம வீடு குடுக்க முடியாது. என்ன செய்யச் சொல்றீங்க?"ன்னு கேட்டார்.

அப்ப நான் சொன்னதைத்தான் பிறகு பதினஞ்சு வருஷமா ஒவ்வொரு அறிக்கையிலயும் வேற வேற வார்த்தையில எழுதினேன். வீடு வேலைக்குக் குடுக்கிற சலுகையா இருக்கிற வரைக்கும் வீட்டுப் பற்றாக்குறையை எண்ணவே முடியாது, ஏன்னா ஆள்கள் ஒளிஞ்சுக்குவாங்க. குடியிருக்கிறவங்களுக்கு வீடு, பேர் செக்ரோல்ல இருந்தாலும் இல்லாட்டியும். பட்டியல்ல வந்த காரணத்துக்காக ஒருத்தரையும் வெளிய போடமாட்டோம்னு தோட்டம் முதல்ல எழுதித் தரட்டும். முதல்ல கடிதம், பிறகு பேர்.

வாக்குவாதம் பெருசா நடந்துச்சு. கடைசியில தலைமை வகிச்சவர், கடிதம் வராட்டி திட்டம் வேற தோட்டத்துக்குப் போகும்னு சொல்லிட்டார். மூணு வாரம் கழிச்சு கடிதம் வந்துச்சு. எங்க தலைவருக்கு அந்த வருஷம் வரவேண்டிய உயர்வு வரல. இதுதான் காரணம்னு யாரும் சொல்லல. அவரும் கேட்கல.

கடிதத்தைத் தூக்கிக்கிட்டு நானும் மல்லியும் ஓடினோம். முதல் லயத்துக் குழாயடியில, வாளிங்க வரிசையில நிக்கிற நேரத்துல, நான் சத்தமா தமிழ்ல வாசிச்சேன். எல்லாரும் கேட்டாங்க. ஒருத்தரும் முன்னால வரல. வாளி நிறைஞ்சுச்சு, அடுத்த வாளி வந்துச்சு.

செல்வமணி முறை வந்துச்சு. வாளியைக் குழாய்க்குக் கீழ வச்சிட்டு நிமிர்ந்தாங்க. "மிஸ், அந்தக் கடிதத்தை எங்ககிட்ட தருவீங்களா, இல்ல திருப்பிக் கொண்டுபோயிடுவீங்களா?"

"கொண்டுபோகணும். இது ஒரு பிரதிதான் இருக்கு"ன்னேன்.

"அப்ப நாளைக்கு யாராச்சும் வந்து வெளிய போன்னு சொன்னா நான் எதைக் காட்டுறது? நீங்க வாசிச்சதையா?"

மூக்கு உடைஞ்சது எனக்கு. கொழும்பில அத்தனை பேர் உக்காந்து பேசினோம், ஒருத்தருக்கும் இது தோணல. பேரைக் குடுக்கிறவங்க அவங்க, ஆபத்து அவங்களுக்கு, பத்திரமா இருக்கப்போற கடதாசி எங்க அலமாரியில. மல்லிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் கடிதத்தை வாங்கிக்கிட்டு, வந்த வழியே ரோட்டுக்கு இறங்கிட்டார். பஜார்ல ஒரே ஒரு போட்டோகொப்பிக் கடைதான் அப்ப. தண்ணி நின்னு, வாளியெல்லாம் வீட்டுக்குப் போன பிறகுதான் திரும்பி வந்தார். சட்டையெல்லாம் வேர்வை. நெஞ்சோட ஒரு கட்டுக் கடதாசியை அணைச்சுக்கிட்டு வந்தார். வாளிக்கு ஒண்ணு.

செல்வமணி அவங்க பிரதியை வாங்கி, மடிச்சு, ஜாக்கெட்டுக்குள்ள வச்சாங்க. "இப்ப எழுதுங்க மிஸ்"ன்னாங்க. பேர் சொன்னாங்க, புருஷன் பேர், பிள்ளைங்க பேர். அதுக்குப் பின்னால ஒரு வரிசை நின்னுச்சு.

வீடு உடனே வந்திருச்சுன்னு நினைக்காதீங்க. அரசாங்கம் மாறும், நிதி நிக்கும், காணி அளக்கிறவர் மாறுவார். பாதி வீடு முதல்ல கட்டினாங்க. செல்வமணிக்குக் கிடைச்சது ரெண்டாவது பாதியில. அதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இஸ்தோப்புல இருந்தாங்க. ஆனா ஒருத்தரும் வெளிய போகச் சொல்லல. ஒரு தடவை ஒரு புது உத்தியோகத்தர் வந்து கேட்டாராம். கடிதத்தைக் காட்டினதும் போயிட்டாராம்.

வேலையை விடுறதுக்கு முந்தின வருஷம், அந்தத் திட்டம் எப்படி இருக்குன்னு பார்க்க என்னையே அனுப்பினாங்க. மல்லி அப்ப பிரிவுத் தலைவர். தமிழும் பேசுவார், என்னைவிட சுத்தமா. போற அன்னைக்கு, "அக்கே, குழாயையும் பாருங்க"ன்னு சொல்லி அனுப்பினார்.

செல்வமணி வீடு மேட்டுல இருந்துச்சு. ரெண்டு அறை, சமைக்கக் குசினி, தனிக் கதவு. வாசல்ல செம்பருத்திச் செடி. வீட்டு உறுதிப் பத்திரம் அவங்க பேர்ல. தலை நரைச்சிருந்துச்சு. என்னைக் கண்டதும் சிரிச்சு, உள்ள கூட்டிப்போய் பிளேன் டீ குடுத்தாங்க. முன்னறையில ஒரு மூலையில படுதா கட்டியிருந்துச்சு. இந்தத் தடவை சாக்கு இல்ல, பூப் போட்ட துணி. நான் அதைப் பார்த்ததை அவங்களும் பார்த்தாங்க.

படிவத்தை எடுத்து மடியில வச்சேன். கேள்வியை வாசிக்க எனக்கு வாய் வரல. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால இதே கேள்வியாலதான் அவங்க ஒம்பது வருஷ வாழ்க்கையை விருந்தாளிப் படுதான்னு சொல்ல வேண்டி வந்துச்சு. பேசாம டீயைக் குடிச்சிட்டு வெளிய போய் குழாயடியைப் பார்த்துக்குவோமான்னு நினைச்சேன்.

"எங்க எந்திரிக்கிறீங்க?"ன்னாங்க செல்வமணி.

"சும்மா, வெளிய..."

"வாளி எண்ணவா?"

அவங்க எனக்கு எதிர்ல வந்து உக்காந்து, படிவத்தை விரலால தட்டினாங்க.

"உக்காருங்க மிஸ். ரெண்டு குடும்பம். நானும் எம் புருஷனும் ஒண்ணு. மகளும் மருமகனும் ஒண்ணு, வார மாசம் புள்ளை பொறக்கப்போகுது. அவங்களுக்கு வீடு வேணும். பேர் சொல்றேன், எழுதுங்க."

எழுதினேன். மகள் பேரை முதல்ல சொன்னாங்க. நான் வழக்கமாட்டம் மனைவி பேர் எழுதுற கீழ்க் கோட்டுக்குப் பேனாவைக் கொண்டுபோனேன். செல்வமணி என் கையைப் பிடிச்சு மேல் கோட்டுக்கு நகர்த்தினாங்க.

"அங்க இல்ல மிஸ். குடும்பத் தலைவர்னு போட்டிருக்குல்ல, அங்க போடுங்க."